கரி பிடிக்கும் பிளக்: துடைப்பதா, புதிது போடுவதா, சூட்டு எண்ணை மாற்றுவதா?

நண்டு வலை வாங்கி முடித்துக் கரைக்குத் திரும்பலாம் என்று திராட்டிலைத் திருகும்போது, படகின் பின்புறம் மாட்டிய இரண்டு சிலிண்டர் அவுட்போர்டு இயந்திரம் ஒரு சிலிண்டரில் மட்டும் வெடித்துக்கொண்டு தள்ளாடும். மூடியைத் திறந்து, எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரியும் எண்ணெயுமாகக் கையில் ஒட்டும். ராமநாதபுரம் கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை டூ ஸ்ட்ரோக் (எரிபொருளோடு எண்ணெயைக் கலந்து ஓட்டும்) அவுட்போர்டு வைத்திருப்பவர் எவருக்கும் இது புதிய செய்தியன்று. அந்த நேரத்தில் ஒருவர் பிளக்கைத் துடைத்துப் போடச் சொல்வார். ஒருவர் புதிதாக மாற்றச் சொல்வார். இன்னொருவர் 'சூடான' பிளக் போட்டால் இந்தத் தொல்லையே இராது என்பார். மற்றொருவர் எண்ணெய்க் கலவையைக் குறை சொல்வார். கடைசியில் ஒருவர், டீசல் இயந்திரத்துக்கு மாறிவிட்டால் பிளக் என்ற பேச்சே எழாது என்று முடிப்பார். ஐந்து பேரும் ஓரளவு சரியே சொல்கிறார்கள். எந்த நிலைமைக்கு எது பொருந்தும் என்பதில்தான் தவறு நேர்கிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடலில் நிற்கும்போது மாற்றுப் பிளக்; கரையில் இருக்கும்போது எண்ணெய் அளவையும் இயந்திரத்தின் சூட்டையும் சரிபார்ப்பது; பிளக்கின் முனை எவ்வளவு சூடாக நிற்கும் என்பதைக் குறிக்கும் சூட்டு எண்ணை மாற்றுவது, மற்ற எல்லாம் பார்த்து முடிந்த பிறகு.

நம் கரையில் இந்தக் கோளாறு அதிகம் தலைகாட்டுவதற்குத் தொழில் முறையே பெரிய காரணம். பாக் நீரிணையை ஒட்டிய வடகடல் பெரும்பாலும் 15 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ளது. கரையோரம் கடல்தாழை படர்ந்த மேடுகள் நீண்டு கிடக்கின்றன. அங்கே நண்டு வலை வாங்குபவரும் கணவாய்க்குத் தூண்டில் போடுபவரும் மணிக்கணக்கில் இயந்திரத்தை மெதுவாகவே ஓட்டுகிறார்கள். மெதுவாக ஓடும் டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் எரிப்பறை போதிய சூடு பெறுவதில்லை. எரிபொருளுடன் கலந்த எண்ணெய் முழுதாக எரியாமல் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் முனையில் படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ஆகவே இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய வேண்டிய மின்சாரம், பீங்கானின் மேல் படிந்த கரி வழியாகச் சத்தமின்றி உடற்பகுதிக்கு வழிந்து போய்விடுகிறது. பிளக் 'செத்துவிட்டது' என்று நாம் சொல்வதன் பொருள் பெரும்பாலும் இதுதான். பீங்கான் முனையின் வெப்பம் ஏறத்தாழ 450 டிகிரி செல்சியசைத் தாண்டினால் படிந்த கரி தானே எரிந்து போகும். 800 டிகிரிக்கும் மேலே போனால் பொறி வருமுன்பே முனையின் சூட்டால் எரிபொருள் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே முனையை வைத்திருப்பதுதான் பிளக் தேர்வின் முழு வேலையும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதானாலும் அதற்கு முன் கழற்றிய பிளக்கைப் பார்க்கத் தெரிய வேண்டும். முனை இளம்பழுப்பாக இருந்தால் இயந்திரம் நலமாக இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தில் அது சற்றுக் கறுத்தே இருக்கும். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. உலர்ந்த புகைக்கரி போலக் கறுத்திருந்தால் எரிபொருள் மிகுந்து போகிறது, அல்லது சோக் முழுதாகத் திறக்கவில்லை. பளபளவென்று எண்ணெய் ஈரத்துடன் கறுத்திருந்தால் எண்ணெய் அதிகம், அல்லது இயந்திரம் சூடேறவில்லை, அல்லது பொறி வலுவிழந்திருக்கிறது. எரிபொருள் சொட்டும்படி நனைந்திருந்தால் பொறியே வரவில்லை, அல்லது தொடங்கும்போது எரிபொருள் அளவுக்கு மிஞ்சிப் புகுந்துவிட்டது. வெளுத்துக் கொப்பளித்தாற்போல இருந்தால் கதை நேர்மாறு. இயந்திரம் மிகையாகச் சூடேறுகிறது. அப்போது முதலில் குளிர்நீர் உறிஞ்சும் வாயில் தாழை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முனையில் அலுமினியப் பொட்டுகள் தென்பட்டால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இயந்திரத்தை மறுபடி ஓட்டாமல் இழுத்துக்கொண்டு வருவதே நல்லது. இரண்டில் ஒரு பிளக் மட்டும் கழுவித் துடைத்தாற்போலச் சுத்தமாகவோ துருவேறியோ இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் நீர் புகுகிறதா என்று ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வேகமாக ஓடிவந்த படகை, கரைக்கு அரை மைல் இருக்கும்போதே மேட்டுக்குப் பயந்து வேகம் குறைத்து, ஊர்ந்தபடியே துறைக்குள் கொண்டுவந்து நிறுத்திப் பிளக்கைக் கழற்றினால், அது அந்தக் கடைசி அரை மைலின் நிறத்தைத்தான் காட்டும். உண்மை நிறம் வேண்டுமானால் ஆழமுள்ள இடத்தில், வழக்கமான சுமையோடும் வேகத்தோடும் சில நிமிடங்கள் ஓட்டி, அந்த வேகத்திலிருந்தே இயந்திரத்தை நிறுத்திக் கழற்றிப் பார்க்க வேண்டும். இப்படிப் பார்க்காமல் சூட்டு எண்ணை மாற்றியவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

பிளக் குற்றமா, வேறு குற்றமா என்று பிரித்தறிய இரண்டு சிலிண்டர் இயந்திரத்தில் எளிய வழி, மேல் பிளக்கைக் கீழேயும் கீழ்ப் பிளக்கை மேலேயும் மாற்றிப் போடுவது. கோளாறு பிளக்கோடு இடம் பெயர்ந்தால் பிளக்கை மாற்றினால் போதும். பிளக்கை மாற்றியும் அதே சிலிண்டரிலேயே கோளாறு நின்றால் காயில், வயர், உப்பேறிய தொப்பி, அந்தச் சிலிண்டருக்குரிய கார்புரேட்டர் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். பொறி வருகிறதா என்று பார்ப்பவர்கள் பிளக்குகளை இயந்திரத்தின் உலோக உடலில் நன்றாகத் தொடுமாறு வைத்துத்தான் கயிற்றை இழுக்க வேண்டும். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டு இழுத்தால் பொறிக்கு மின்சாரம் தரும் சி.டி.ஐ. பெட்டி பழுதாகலாம். நனைந்த சிலிண்டரின் துளையிலிருந்து எரிபொருள் புகையாகச் சீறும். பொறியை அந்தத் துளைக்கு அருகில் காட்டுவது தீயை அழைப்பதாகும்.

இனி வழிகளை எடுத்துக்கொள்வோம்.

துடைத்துப் போடுவதற்குச் செலவு இல்லை. அதன் ஒரே பெருமை அதுதான். பெட்ரோலில் நனைத்துத் துணியால் துடைத்தால் எண்ணெய் போகும். பீங்கானின் ஆழத்தில் படிந்த கரி போகாது. உப்புத்தாளால் மின்முனைகளை உரசலாம். ஆனால் உதிரும் மணல் துகள் பீங்கானுக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ஒளிந்துகொண்டு பிறகு சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும். கம்பி பிரஷால் பீங்கானைத் தேய்ப்பது அதைவிட மோசம்: கம்பியின் உலோகம் பென்சில் கோடு போலப் பீங்கானில் ஒட்டிக்கொள்ளும், கரிக்குப் பதிலாக அந்தக் கோடே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அடுப்புத் தீயில் காட்டிக் கரியை எரிக்கும் பழைய வழக்கமும் உண்டு. கரி போகும், ஆனால் சூடேறிய பீங்கானை ஈரக்கையால் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். ஆகவே மாற்றுப் பிளக் கைவசம் இல்லாதபோது, கரை சேரும் வரைக்குமான ஏற்பாடாக மட்டும் இதைக் கொள்ளலாம். எரிபொருளில் நனைந்த பிளக் மட்டும் இதற்கு விலக்கு. அதில் கரியே இல்லை. துடைத்துக் காயவைத்து, இயந்திரத்தை நியூட்ரலில் வைத்து, எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமல் நான்கைந்து முறை கயிற்றை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றிய பின் போட்டால் அதே பிளக் பழையபடி வேலை செய்யும்.

அதே எண்ணுள்ள புதிய பிளக்கைப் போடுவது, கடலில் நிற்பவருக்கு வேறு எதனோடும் ஒப்பிட வேண்டாத தேர்வு. ஒரு பிளக்கின் விலை இரண்டு மூன்று லிட்டர் பெட்ரோலின் விலைக்குள் அடங்கிவிடும். வடகடலில் இயந்திரம் நின்று, நீரோட்டத்தில் படகு இலங்கை எல்லைக்கோட்டை நோக்கி நகரும்போது அந்தத் தொகையை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் இது நோயைத் தீர்ப்பதில்லை. பத்து நாளைக்கு ஒரு சோடி வாங்குகிறவர் கடைக்காரருக்கு உதவுகிறார். இயந்திரம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் கேட்பதில்லை. வாங்கும்போது எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். என்.ஜி.கே. கம்பெனியின் பி7எச்எஸ் (B7HS) என்ற பெயரில் 'பி' 14 மில்லிமீட்டர் மரையையும், 7 சூட்டு எண்ணையும், 'எச்' 12.7 மில்லிமீட்டர் மரை நீளத்தையும் குறிக்கும். 'எச்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஈ' இருந்தால் மரை நீளம் 19 மில்லிமீட்டர். அதைத் திருகினால் பிஸ்டனின் தலை இடிபடும். இடைவெளி எவ்வளவு என்பது இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும். பெட்டியிலிருந்து வருவது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பாமல் ஃபீலர் கேஜால் அளந்து போட வேண்டும். கையால் முழுதும் திருகிய பின் புதிய வாஷருக்கு ஸ்பானரால் ஏறத்தாழ அரைச் சுற்று போதும். அலுமினிய ஹெட்டில் இறுக்கத்தைக் காட்டுபவர் மரையை இழந்துவிடுவார்.

சூடான பிளக்கைப் பற்றித்தான் கரையில் வாக்குவாதம் அதிகம். சூடான பிளக் என்பது பொறியைச் சூடாக்குவதில்லை. அதன் பீங்கான் முனை நீளமாக இருப்பதால் உள்வாங்கிய வெப்பம் ஹெட்டுக்கு மெதுவாகப் போகிறது, முனை சூடாகவே இருக்கிறது, கரி எரிகிறது. என்.ஜி.கே.யில் எண் குறையக் குறையச் சூடு கூடும். 7ஐவிட 6 சூடானது. சாம்பியன், பாஷ் ஆகியவற்றில் எண் கூடக் கூடச் சூடு கூடும். ஒரு கம்பெனியின் கணக்கை மற்றொன்றுக்குப் பொருத்தி, 'ஒரு எண் கூட்டி'ப் போட்டதாக நினைத்து முன்னிலும் குளிர்ந்த பிளக்கைப் போட்டுக்கொண்டு அதிகக் கரியோடு திரும்பியவர்கள் உண்டு. ஒரு படி மாற்றினால் முனையின் வெப்பம் சுமார் 70 முதல் 100 டிகிரி வரை மாறும். மெதுவாக ஓடும்போது இது வரமாகத் தோன்றும். ஆனால் அதே இயந்திரம் எப்போதும் மெதுவாகவே ஓடுமா என்பதே கேள்வி. பாம்பன், மண்டபம் பகுதிகளில் காற்று மாறும்போது வடகடலிலிருந்து தென்கடலான மன்னார் வளைகுடாவுக்கும் அங்கிருந்து இங்குமாகத் தொழிலை மாற்றிக்கொள்வோர் உண்டு. வடகடலில் நண்டு வலைக்காகப் போட்ட சூடான பிளக்கோடு, மன்னார் வளைகுடாவில் தீவுகளைத் தாண்டி ஆழத்துக்கு, வலையும் ஐஸும் ஆட்களும் ஏற்றி, கச்சான் எனப்படும் மேல்காற்றின் அலையை எதிர்த்து முழுத் திராட்டிலில் ஒரு மணி நேரம் ஓடினால், முனை மேல் எல்லையைத் தொடும். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட எளிதில் தட்டல் (சீராக எரியாமல் தானே வெடித்துத் தட்டுவது) உண்டாக்கும் எரிபொருள். அதில் ஓடும் இயந்திரத்துக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. பிஸ்டனில் துளை விழும்வரை பிளக் மட்டும் கரியில்லாமல் அழகாக இருக்கும்.

ஆகவே சூடான பிளக்குக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் ஆழமில்லா நீரில் மெதுவாகத் தொழில் செய்யும் படகு, எண்ணெய் அளவும், குளிர்நீரின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் சரியாக உள்ள இயந்திரம், கையேட்டிலேயே இரண்டு எண்கள் அனுமதிக்கப்பட்டிருப்பது ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்தால் ஒரு படி மட்டும் மாற்றிப் பார்க்கலாம். இரண்டு படி மாற்றுவதற்கு நான் எந்தக் காரணமும் கண்டதில்லை.

இனி எண்ணெய்க் கலவை. கரி பிடிப்பதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதம் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் அதுவே 800 மில்லி. புதிய இயந்திரத்தின் தொடக்க ஓட்டத்துக்கு இரட்டிப்பு எண்ணெய் ஊற்றச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பழக்கம் இயந்திரம் கிழடாகும்வரை தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். 'கொஞ்சம் கூடினால் இயந்திரத்துக்கு நல்லதுதானே' என்று டம்ளரால் குத்துமதிப்பாக ஊற்றுகிற கை, மிகையான எண்ணெய் தன் பங்குக்கு எரிபொருளின் இடத்தைப் பிடித்துக்கொண்டு கலவையை மெலிய வைக்கிறது என்பதை அறிவதில்லை. கேனில் கோடு கிழித்து, அளவுக் குப்பி ஒன்றைப் படகிலேயே கட்டி வைத்தால் தீரும் காரியம் இது. எண்ணெயின் வகையும் முக்கியம். அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) தரக்குறியுள்ள, எரிந்தபின் சாம்பல் தங்காத எண்ணெய் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான டூடீ (2T) எண்ணெயும், அதைவிடப் பெரிய பிழையாக, சாதாரண இன்ஜின் ஆயிலும் சாம்பல் தரும் பொருள்களைக் கொண்டவை. அந்தச் சாம்பல் மின்முனைகளின் இடைவெளியில் மயிரிழைபோல வளர்ந்து பாலம் போட்டுவிடும். கரியைத் துடைக்கலாம், இந்தப் பாலம் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கு இன்னொரு ஒழுங்கு உண்டு. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த சிலிண்டரில் அது திவலையாகவே பிளக்கில் படியும். அதனால்தான் பெட்ரோலில் தொடங்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோலை நிரப்பிவிட்டு நிறுத்த வேண்டும். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்காக மண்ணெண்ணெயிலேயே நிறுத்துபவர் மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்து, கடைசியில் நனைந்த பிளக்கோடு நிற்பார். பிளக் நனைந்ததற்குக் காரணம் நேற்றைய மாலை. நடுக்கடலில் வலை வாங்க இயந்திரத்தை நிறுத்தும்போதும் இதே கணக்குத்தான்.

பெட்ரோலிலும் ஒன்று கவனிக்க வேண்டும். 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளில் பரவிவரும் எரிபொருளில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் கரைக் காற்றில் மூடி தளர்ந்த கேனில் வாரக்கணக்கில் கிடந்தால் நீரும் எத்தனாலும் அடியில் தனியே தங்கும். அந்த அடி எரிபொருளை உறிஞ்சும் இயந்திரம் திணறும்போதும் முதலில் திட்டு வாங்குவது பிளக்தான்.

சூடேறாத இயந்திரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். மணலும் உப்பும் படிந்து தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் குளிர்நீர் இடைவிடாமல் ஓடி இயந்திரத்தைக் குளிரவே வைத்திருக்கும். அதைவிட மோசமாக, ஒருமுறை தாழை அடைத்துச் சூடேறியதற்காக அஞ்சித் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்ட இயந்திரங்கள் நம் துறைகளில் உண்டு. அத்தகைய இயந்திரத்துக்கு எந்தப் பிளக்கைப் போட்டாலும் கரி பிடிக்கும். சோதிப்பது எளிது: தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டிச் சட்டியில் நீர் வைத்துக் காய்ச்சினால், அதன் மேல் பொறித்துள்ள வெப்பத்தை ஒட்டி அது திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். ஒரு காலை வேளைக்குள் முடியும் இந்த வேலையை விட்டுவிட்டுச் சூடான பிளக்கைத் தேடுவது, கிணற்றில் வாளியைப் போட்டுவிட்டுக் கயிறு வாங்கக் கடைக்குப் போவது போன்றது.

இயந்திரத்தையே மாற்றும் வழி பணம் உள்ளவர்க்கும் நாள் உள்ளவர்க்கும் உரியது. சுருக்கமாகச் சொன்னால் போதும். ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டில் எரிபொருளோடு எண்ணெய் கலப்பதில்லை; ஆகவே கரி பிடிப்பது மிக அரிது. மெதுவாக ஓடும்போது எரிபொருளும் குறைவாகச் செலவாகும். ஆனால் எடை கூடுதல், விலை கூடுதல். மேட்டில் படகை இழுத்துக் கட்டும்போது தூக்கிக் கழற்ற இரண்டு ஆள் போதாது. நீள்தண்டு டீசல் இயந்திரத்தில் பிளக்கே இல்லை. ஆழமில்லா நீரில் அதன் நீண்ட தண்டை உயர்த்தி ஓட்ட முடியும். வல்லம் என்னும் நாட்டுப்படகு வைத்திருப்போர் பலர் அதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. வேகம் குறைவு, அதிர்வும் சத்தமும் அதிகம். மீனைச் சீக்கிரம் ஐஸ் போட்டுக் கரைக்குக் கொண்டுவர வேண்டிய தொழிலுக்கு அது பொருந்தாது. பிளக் தொல்லைக்காக மட்டும் இந்த மாற்றத்தைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொழிலே மாறும்போது, மீன்பிடித் தடைக்காலத்திலும் தொழில் செய்யும் நாட்டுப்படகுக்கு எந்த இயந்திரம் வேண்டும் என்று கேட்கும்போது, பிளக்கும் அந்தக் கணக்கில் ஒரு வரியாகச் சேரலாம்.

ஒரே சிலிண்டர் கொண்ட சிறு இயந்திரத்தோடு வத்தை என்னும் சிறு படகில் தனியே போகிறவருக்கு இந்த ஒப்பீட்டின் பெரும்பகுதி தேவையில்லை. இரண்டு சிலிண்டர் இயந்திரம் ஒன்றிலாவது ஊர்ந்து வந்துவிடும். இவருடையது நின்றால் நின்றதுதான். இவர் சரியான எண்ணுள்ள இரண்டு புதுப் பிளக்குகள், பிளக் ஸ்பானர், உலர்ந்த துணி ஆகிய மூன்றையும் வைத்திருக்க வேண்டும். நானும் ஒருமுறை மாற்றுப் பிளக்குகளைக் கருவிப்பெட்டியில் அப்படியே போட்டு வைத்திருந்து, தேவையான நாளில் எடுத்துப் பார்த்தபோது மின்முனைகள் துருவேறி, பீங்கானின் மேல் உப்புப் பூத்திருந்தது. அன்று இன்னொரு படகினர் கயிறு கொடுத்துத்தான் இழுத்து வந்தார்கள். அதன் பிறகு அவற்றை இறுகிய மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், உப்பு ஜாடியில் போடுவது போல ஒரு பிடி அரிசியோடு சேர்த்து வைத்து, மாதம் ஒருமுறை அரிசியை மாற்றி வருகிறேன்.